ஃபோர்க் (முறைமை அழைப்பு)

ஃபோர்க் என்பது யுனிக்ஸ், லினக்ஸ் போன்ற இயக்குதளங்களில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறையிலிருந்து புதிய செயல்முறையை உருவாக்கும் முறைமை அழைப்பு ஆகும். நிரல் என்பது வட்டில் சேமிக்கப்பட்டுள்ள கட்டளைத் தொகுப்பு. அது நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கும்போது செயல்முறை எனப்படுகிறது. ஃபோர்க்கை அழைப்பது தாய்ச் செயல்முறை. புதிதாகத் தோன்றுவது சேய்ச் செயல்முறை.

வரலாறு

ஃபோர்க் என்னும் கருத்தை மெல்வின் கான்வே 1963இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் இதனை ஏற்றுக்கொண்டது. பிடிபி-7 கணினியில் ஃபோர்க்கை அமைக்க 27 வரி அசெம்பிளி நிரலே தேவைப்பட்டதாக டென்னிஸ் ரிட்சி குறிப்பிட்டுள்ளார்.

செயல்படும் விதம்

ஃபோர்க் ஒருமுறை அழைக்கப்பட்டு, இருமுறை விடை தருகிறது. மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுவே. அழைப்பு முடிந்ததும் தாயும் சேயும் நிரலின் அதே வரியிலிருந்து தொடர்கின்றன. சேய்க்கு 0 என்ற விடையும், தாய்க்குச் சேயின் அடையாள எண்ணும் கிடைக்கின்றன. உருவாக்கம் தோல்வியுற்றால் தாய்க்கு -1 கிடைக்கும். இந்த விடையைக் கொண்டே, தான் யார் என்பதை ஒவ்வொன்றும் அறிகிறது.

சேயின் நினைவகம் தாயினுடையதன் நகல். ஒரு மாறியின் மதிப்பு 5 எனில், சேய் அதை 6 ஆக மாற்றினாலும் தாயிடம் 5 மாறாது. ஒரு நிரலில் ஃபோர்க் மூன்றுமுறை தொடர்ந்து அழைக்கப்பட்டால், ஒவ்வோர் அழைப்பிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகி, மொத்தம் 8 செயல்முறைகள் இருக்கும்.

நினைவகம் முழுவதும் உடனே நகலெடுக்கப்படுவதில்லை. இருவரும் அதே நினைவகப் பக்கங்களைப் பகிர்கின்றனர். ஒருவர் எழுத முயலும்போது அந்தப் பக்கம் மட்டும் நகலெடுக்கப்படும்.

எக்செக் அழைப்பு

வேறு நிரலை இயக்க, சேய் எக்செக் என்ற அழைப்பைப் பயன்படுத்துகிறது. அது பழைய நிரலை நீக்கி, அதே செயல்முறையில் புதிய நிரலை ஏற்றுகிறது. அடையாள எண் மாறுவதில்லை.

நகலெடுத்து உடனே மாற்றுவது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் பயனுள்ளது. ‘எல்எஸ்’ கட்டளையின் வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கப் பயனர் கேட்டால், ஷெல் ஒரு சேயை உருவாக்குகிறது. சேய் தன் வெளியீட்டைக் கோப்புடன் இணைத்த பின் எக்செக்கை அழைக்கிறது. கோப்பைப் பற்றி ‘எல்எஸ்’ எதுவும் அறிய வேண்டியதில்லை. ஷெல்லின் வெளியீடும் திரையிலேயே தொடர்கிறது.

விண்டோசில், கிரியேட்பிராசஸ் என்ற ஒரே அழைப்பு புதிய செயல்முறையை உருவாக்கி, அதில் நிரலையும் ஏற்றுகிறது.

கவனிக்க வேண்டியவை

சேய் முடிந்த பின்னும், அதன் முடிவுநிலையைத் தாய் ‘வெயிட்’ அழைப்பின் மூலம் பெறும்வரை செயல்முறை அட்டவணையில் அதன் பதிவு நீடிக்கும். இது ஸோம்பி எனப்படும். ஏற்கெனவே முடிந்துவிட்டதால் ‘கில்’ கட்டளையால் இதை நீக்க முடியாது. இவை பெருகினால் புதிய செயல்முறைகளை உருவாக்க இயலாமல் போகலாம். தாய் முதலில் முடிந்துவிட்டால், பொதுவாக அடையாள எண் 1 கொண்ட செயல்முறை சேயை ஏற்றுக்கொள்ளும்.

முடிவற்ற சுழலில் ஃபோர்க்கை அழைக்கும் நிரல் கணினியையே முடக்கக்கூடும். எனவே ஒரு பயனர் உருவாக்கக்கூடிய செயல்முறைகளுக்கு நிர்வாகிகள் உச்சவரம்பு வைப்பது வழக்கம்.