வேட்பாளரைத் தெரிவு செய்யும் உரிமை யாருக்கு? அமெரிக்க மாநில முதனிலைத் தேர்தல்கள் குறித்த பழமைவாதப் பார்வைகள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியைச் சார்ந்த பழமைவாதிகள் மாநில முதனிலைத் தேர்தல்களில் கொள்கை உறுதி, வெற்றி வாய்ப்பு என்னும் இரண்டு அளவுகோல்களைக் கொண்டு வேட்பாளரைத் தெரிவு செய்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையிலான பூசலை 2010ஆம் ஆண்டின் டெலவேர் தேர்தலை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அப்பூசல் தேர்தல் விதிகளைப் பற்றிய பூசலாகவும் விரிவதை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: முதனிலைத் தேர்தல், பழமைவாதம், குடியரசுக் கட்சி, பக்லி, டெலவேர், வேட்பாளர் தெரிவு

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைப் பெரும்பாலும் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. அந்தந்த மாநில வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்கின்றனர். இவ்வாக்கெடுப்பே முதனிலைத் தேர்தல் எனப்படுகிறது. 'முதற்கட்டத் தேர்தல்' என்னும் வழக்கும் தமிழில் உண்டு. ஆயினும் இந்தியப் பொதுத்தேர்தல்கள் பல கட்டங்களாக நடைபெறுவதால் அச்சொல் பொருள்மயக்கம் தரும். 'பழமைவாதம்' என்பதும் தமிழில் பெரும்பாலும் இழிப்புப் பொருளிலேயே வழங்குகிறது. அமெரிக்காவிலோ அது பலர் தாமே விரும்பி ஏற்கும் அடையாளமாகும். அரசின் எல்லையைச் சுருக்குதல், வரிக்குறைப்பு, மாநில உரிமை, சமய மற்றும் குடும்ப மரபுகளைப் பேணுதல் ஆகியவற்றை வலியுறுத்தும் நிலைப்பாடு என்னும் பொருளிலேயே அச்சொல் இங்கு ஆளப்படுகிறது.

பிறர் ஆக்கிய கருவி

முதனிலைத் தேர்தல் பழமைவாதிகள் உருவாக்கிய அமைப்பன்று. கட்சி மாநாடுகளில் கோலோச்சிய பெருந்தலைகளின் பிடியை உடைக்க முற்போக்காளர்கள் கண்ட வழி அது. விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலெட்டின் முயற்சியால் இதற்கான சட்டம் 1904ஆம் ஆண்டு மக்களின் ஒப்புதலைப் பெற்றது. மக்களின் நேரடி விருப்பத்தை ஒரு நிறுவனத்தின் வழியே வடிகட்ட வேண்டும் என்பது பழமைவாதச் சிந்தனையின் பழைய இழை. பிரிஸ்டல் வாக்காளர்களிடம் 1774இல் எட்மண்ட் பர்க் ஆற்றிய உரையிலேயே அதன் வேரைக் காணலாம். அந்நோக்கில் முதனிலைத் தேர்தல் ஐயத்திற்குரியதாகவே தோன்றியது. 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான முதனிலைத் தேர்தல்களில் வென்றும், கட்சி மாநாடு அப்போதைய குடியரசுத் தலைவர் டாஃப்டையே வேட்பாளராக்கியது. பொதுத் தேர்தலில் டாஃப்ட் மூன்றாமிடத்திற்குத் தள்ளப்பட்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் நிலை தலைகீழாயிற்று. கட்சித் தலைமை மிதவாதிகள் வசம் இருந்த காலத்தில், பழமைவாதிகள் கீழிருந்து மேலேறும் ஏணியாக முதனிலைத் தேர்தலைக் கண்டனர். 1964இல் மாநில மாநாடுகளில் திரட்டிய ஆதரவோடு கலிஃபோர்னியா முதனிலைத் தேர்தல் வெற்றியும் சேர்ந்தே பேரி கோல்ட்வாட்டரை வேட்பாளராக்கியது. ஆனால் நவம்பரில் அவர் 6 மாநிலங்களை மட்டுமே வென்றார். 1976இல் பதவியிலிருந்த ஃபோர்டை எதிர்த்த ரொனால்டு ரீகன், தொடர் தோல்விகளுக்குப் பின் வட கரோலினாவில் வென்று மாநாடுவரை போராடினார். மாநாட்டில் தோற்றாலும், நான்காண்டுகளில் கட்சியே அவர் பின் நின்றது. கோல்ட்வாட்டரின் தோல்வி ஒரு சாராருக்கும், ரீகனின் எழுச்சி மறுசாராருக்கும் இன்றுவரை சான்றாக நிற்கின்றன.

பக்லியின் அளவுகோல்

'நேஷனல் ரிவியூ' இதழை 1955இல் தோற்றுவித்த வில்லியம் பக்லி, 1960களில் இதற்கு ஒரு விதி கூறினார். வெல்லக்கூடியவர்களுள் மிகுந்த வலதுசாரி எவரோ அவரையே ஆதரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விதியின் இரு கூறுகளும் ஒரே தன்மையன அல்ல. ஒருவர் எவ்வளவு வலதுசாரி என்பதை அவரது வாக்களிப்புப் பதிவைக் கொண்டு ஒருவாறு அளக்கலாம். வெல்லக்கூடியவரா என்பதோ தேர்தல் முடியும்வரை ஊகமே. ஆகவேதான் எதிரெதிர் அணியினர் இருவரும் இதே விதியை மேற்கோளாகக் காட்ட முடிகிறது.

டெலவேர், 2010

ஜோ பைடன் துணைக் குடியரசுத் தலைவரானதால் வெற்றிடமான டெலவேர் செனட் இடத்திற்கு 2010இல் தேர்தல் நடந்தது. மாநிலம் ஜனநாயகக் கட்சிச் சார்புடையது. குடியரசுக் கட்சியில் மைக் காஸில் முன்னணியில் இருந்தார். முன்னாள் ஆளுநரான அவர், மாநிலத்திற்குரிய ஒரே பிரதிநிதிகள் அவை இடத்தைத் தொடர்ந்து வென்றுவந்தவர். மிதவாதியான அவர் 2009இல் கரிம உமிழ்வைக் கட்டுப்படுத்தும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தது பழமைவாதிகளின் சினத்தைத் தூண்டியது. அவரை எதிர்த்த கிறிஸ்டின் ஓ'டானல் 2008இல் பைடனிடம் தோற்றவர். பதவி அனுபவம் அற்றவர். தேநீர் விருந்து இயக்கத்தினரும் சாரா பேலினும் அவரை ஆதரித்தனர். பதிவுசெய்த கட்சியினர் மட்டுமே வாக்களித்த அத்தேர்தலில் ஓ'டானல் வென்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் ஏறத்தாழ 57 விழுக்காடு வாக்குகள் பெற, ஓ'டானல் 40 விழுக்காட்டில் நின்றார்.

காஸிலை ஆதரித்தோரின் வாதம் எளியது: செனட் பெரும்பான்மை என்பது குழுத் தலைமைகளையும் நீதிபதி நியமனங்களையும் முடிவு செய்வது, பத்தில் ஆறு முறை உடன் வாக்களிப்பவர் ஒருமுறையும் வாக்களிக்காதவரினும் மேலானவர். மறுதரப்பின் வாதம் அவ்வளவு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. நெருக்கடியான வாக்கெடுப்பில் எதிரணிக்குச் செல்பவர், அம்மசோதாவுக்கு இருகட்சி ஆதரவு என்னும் போர்வையையும் அளிக்கிறார். ஓர் இடத்தை இழந்தேனும் அவரைத் தண்டித்தால் ஏனையோர் எச்சரிக்கை அடைவர் என்று அவர்கள் கருதினர். முன்னது ஒரு தேர்தலின் கணக்கு. பின்னது பல தேர்தல்களின் கணக்கு.

அதே ஆண்டு தலைமையின் கணிப்பும் பொய்த்தது. ஃபுளோரிடாவில் கட்சியின் செனட் தேர்தல் குழு ஆளுநர் சார்லி கிறிஸ்டை முன்கூட்டியே ஆதரித்தது. மார்கோ ரூபியோவின் ஆதரவு பெருகவே கிறிஸ்ட் சுயேச்சையாகப் போட்டியிட்டார், ரூபியோ வென்றார். கென்டக்கியில் மிச் மெக்கானல் ஆதரித்தவரை வீழ்த்திய ராண்ட் பாலும் பொதுத் தேர்தலில் வென்றார். மாநிலத்திற்கு மாநிலம் விடை மாறும் என்று இதற்கு அமைதி கூறுவர். ஆனால் குடியரசுக் கட்சிக்குச் சாதகமான இண்டியானாவிலேயே, 2012இல் ஆறு முறை செனட்டரான ரிச்சர்டு லூகரை வீழ்த்திய மர்டாக் பொதுத் தேர்தலில் தோற்றார். வன்புணர்வால் நேரும் கருத்தரிப்புப் பற்றி விவாத மேடையில் அவர் கூறிய கருத்து அத்தோல்விக்குப் பெரிதும் காரணமாயிற்று. அதே ஆண்டு மிசௌரியில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில், டாட் ஏகின் அளவுமீறிய பழமைவாதி என்று விளம்பரம் செய்தே அவர் முதனிலைத் தேர்தலில் வெல்ல உதவினார். பின்னர் அவரையே எளிதாக வென்றார். தன்னடக்கம், சொல்லாட்சி, அரசியல் முதிர்ச்சி ஆகிய தனிமனிதத் தகுதிகளைப் பக்லியின் விதி தனியே பேசுவதில்லை. தோல்விகள் பலவற்றுக்குக் கொள்கையைவிட இவையே காரணம் எனல் பொருந்தும்.

விதிகளைப் பற்றிய பூசல்

யார் வெல்வார் என்பதில் உடன்பாடு எட்டாதபோது, யார் வாக்களிக்கலாம் என்பதே வழக்காகிறது. 2014இல் மிசிசிப்பியில் கிறிஸ் மெக்டேனியல் முதல் சுற்றில் தாட் காக்ரனைச் சற்றே முந்தினார். அம்மாநிலத்தில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை. இரண்டாம் சுற்றில் வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் கறுப்பின வாக்காளர்களின் ஆதரவையும் திரட்டிக் காக்ரன் வென்றார். கட்சியின் முடிவைப் பிறர் எடுத்துவிட்டனர் என மெக்டேனியல் அணியினர் கொதித்தனர்.

இக்குறைக்கு அரசியலமைப்பு வழியிலான வாதம் முன்னரே இருந்தது. கட்சி என்பது தன்னார்வக் கூட்டமைப்பு. தன் வேட்பாளரைத் தெரிவு செய்வதில் வெளியாரை ஏற்குமாறு அரசு அதனை வற்புறுத்தலாகாது என்று 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா வழக்கொன்றில் நீதிபதி அன்டோனின் ஸ்காலியா தீர்ப்பெழுதினார். ஆயின் பொதுப்பணத்தில் நடத்தப்படும் தேர்தலை ஒரு தனியமைப்பின் உட்காரியம் என்று எந்த அளவுக்குக் கூறலாம் என்னும் வினா எஞ்சுகிறது. அத்தீர்ப்பிற்குப் பின் கலிஃபோர்னியர்கள் 2010இல் வேறு முறையை ஏற்றனர். அதன்படி எல்லாக் கட்சியினரும் ஒரே களத்தில் நிற்பர். முதலிருவர் பொதுத் தேர்தலுக்குச் செல்வர். லூசியானாவோ 2024இல் இயற்றிய சட்டத்தின் வழி, செனட் உள்ளிட்ட சில பதவிகளுக்குக் கட்சிவாரி முதனிலைத் தேர்தலுக்குத் திரும்பியது.

வர்ஜீனியக் குடியரசுக் கட்சி 2021இல் முதனிலைத் தேர்தலையே தவிர்த்தது. பல இடங்களில் ஒரே நாளில் கூடிய மாநாட்டுப் பேராளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறித்து வாக்களித்தனர். அவ்வாறு தெரிவான கிளென் யங்கின், நவம்பரில் ஆளுநர் பதவியை வென்றார். அடுத்த ஆண்டே டென்னசியிலும் ஃபுளோரிடாவிலும் அதே கட்சியின் சட்டமன்றப் பெரும்பான்மையினர் விருப்ப வரிசை வாக்களிப்பைச் சட்டத்தால் தடை செய்தனர்.