காளான் வந்த வழி

தென்காசிக்கு மேற்கே வடகரை, பண்பொழி, மேக்கரை ஆகிய ஊர்களை ஒட்டி எழும் மலையடிவாரத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் சாரலாக இறங்கிக் குற்றாலத்து அருவிகளைப் பெருக்குகிறது. அந்த ஈரத்தில் முளைக்கும் காளான்கள் இந்த நிலத்துக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தன என்ற கேள்விக்கான விடை பல கோடி ஆண்டுகள் பின்னோக்கி நீள்கிறது.

குடையாக மேலே தெரிவது பூஞ்சையின் முழு உடலன்று. மண்ணிலோ மரத்திலோ பரவிக் கிடக்கும் நுண்ணிழைகளே அதன் உடல், குடையோ வித்துகளை உதிர்ப்பதற்கென்று சில நாள்களுக்கு மட்டும் எழும் உறுப்பு. ஒரு குடையே கோடிக்கணக்கான வித்துகளை உதிர்ப்பதாலும், அவை தூசியினும் நுண்ணியவை என்பதாலும், பூஞ்சைகள் காற்றேறி எந்தக் கண்டத்துக்கும் போய்விடும் என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மரபணு ஒப்பீடுகள் பெருகிய பின் அவ்வெண்ணம் ஆட்டம் கண்டது. கூடி வாழும் துணையின்றிப் பிழைக்க இயலாத பூஞ்சைக்கு, அத்துணை இல்லாத நிலத்தில் வித்து விழுந்தும் பயனில்லை.

அடிவாரத்து மக்கள் நன்கறிந்த புற்றுக்காளான் இதற்குத் தெளிவான சான்று. கறையான்கள் மரத்துணுக்குகளையும் சருகுகளையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கொண்டு புற்றுக்குள் துளைகள் நிறைந்த அடுக்குகளைக் கட்டுகின்றன. அவற்றில் வளரும் பூஞ்சை, கறையானால் எளிதில் செரிக்க முடியாத மரப்பொருளைச் சிதைத்து உணவாக்கித் தருகிறது. இந்தப் பூஞ்சைத் தோட்டத்தை அறிவுலகுக்கு முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், லின்னேயஸின் மாணவரும் தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றியவருமான யோஹான் கெர்ஹார்டு கோனிக்; அவருடைய கட்டுரை 1779-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இப்பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் விவரித்த தென்னிந்திய இனம் ஹெய்மின் பெயரையே தாங்குகிறது.

மழைக்குப் பின் ஈசல் பறந்து, இணைகள் மண்ணுக்குள் குடியேறி, அவற்றின் முதல் வேலைக்காரக் கறையான்கள் இரை தேடி வெளிவரும் காலமும், பழைய புற்றிலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டுடன் மண்ணைத் துளைத்தெழும் காளான் குடை விரிக்கும் காலமும் ஒட்டியே அமைவதால், சருகோடு சேர்ந்து வித்தும் புதுப் புற்றுக்குள் போய்ச் சேர்கிறது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற ஊர் நம்பிக்கை, இடியோடு வரும் மழையைக் கருதினால், அப்படியொன்றும் தள்ளத்தக்கதன்று.

கறையான்களின் இவ்வேளாண்மை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க மழைக்காடுகளில் ஒரேயொரு முறை தோன்றியது என்பதையே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் கிடைத்த, 2.5 கோடி ஆண்டுப் பழைமையுள்ள பூஞ்சைத் தோட்டத்தின் புதைபடிவமும் அதனோடு இயைகிறது. அங்கிருந்து கறையான்கள் ஆசியாவுக்குப் பரவியபோது பூஞ்சையும் பரவியது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வகைக் கறையான்கள் இல்லை. ஆகவே புற்றுக்காளானும் இல்லை. இன்னும் கூர்மையான சான்று மடகாஸ்கர் தீவு: பூஞ்சை வளர்க்கும் கறையான்களில் அங்குக் கடல் தாண்டிச் சென்று நிலைத்தது மைக்ரோடெர்மிஸ் மட்டுமே, அதன் பெண் ஈசலோ, பெரும்பாலான உறவினங்களைப் போலன்றி, தாய்ப் புற்றின் பூஞ்சை வித்துகளைக் குடலில் சுமந்தே பறக்கிறது.

அடிவாரத்தை விட்டுத் தெற்கே அகத்தியமலைத் தொடரின் மழைக்காடுகளுக்குள் சென்றால், துணை கறையானிலிருந்து மரமாக மாறுகிறது. கோங்கு, வெள்ளைக்குங்கிலியம், வடநாட்டுச் சால் ஆகியவற்றை உள்ளடக்கிய டிப்டெரோகார்ப் குடும்ப மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறைபோல் மூடி, மணிச்சத்தையும் தழைச்சத்தையும் ஊட்டி, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. இதைப் புறவேர்ப் பூஞ்சை எனலாம். வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை வேருக்குள்ளேயே வாழும், குடை விரிக்காத வேறுவகைப் பூஞ்சைகளோடு உறவு கொண்டிருக்க, இக்குடும்பம் விதிவிலக்காக நிற்கிறது.

குஜராத்தின் தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டுப் பழைமையான, இக்குடும்ப மரத்தின் கெட்டிப்பட்ட பிசினுக்குள் பூஞ்சையுறை பூண்ட வேர்நுனிகள் கிடைத்ததை 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மடகாஸ்கரில் மட்டும் வளரும் சார்கோலேனேசி என்ற உறவுக் குடும்பமும் புறவேர்ப் பூஞ்சை உடையதே என்பதால், ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிவதற்கு முன்னரே இந்த உறவு உருவாகி, வடக்கே நகர்ந்த இந்திய நிலத்தட்டோடு ஆசியாவை அடைந்தது என்ற கருத்து முன்வைக்கப்பட்டுள்ளது. இதை எல்லாக் காளானுக்கும் பொருத்திவிடக் கூடாது. இக்காடுகளில் மிகுதியாகக் காணப்படும் ரசுலா பேரினத்தின் மரபுவழி, வடக்கின் குளிர்நாட்டுக் காடுகளில் கிளைத்து, பின்னர் தெற்கு நோக்கிப் பரவியதையே காட்டுகிறது. மரம் பழைய குடியாயினும் அதன் வேரில் வந்து ஒட்டிக்கொண்டவற்றுள் புதிய குடிகளும் உண்டு.

காற்றையே கைவிட்ட பூஞ்சைகளும் இருக்கின்றன. டிரஃபிள் எனப்படும் நிலத்தடிக் கிழங்குக் காளான்கள் குடை விரிப்பதை விட்டு, மணத்தால் விலங்குகளை ஈர்த்து, அவற்றின் எச்சத்தின் வழியே வித்தைப் பரப்புகின்றன. இந்த மாற்றம் வெவ்வேறு காளான் குடும்பங்களில் தனித்தனியே பலமுறை நிகழ்ந்துள்ளது. அத்தகைய ரைசோபோகன், குடையுடைய சுய்லஸின் நெருங்கிய உறவு. இரண்டும் பைன் குடும்ப மரங்களைச் சார்ந்தே வாழ்பவை. தென்னிந்திய மலைகளில் இயற்கையாகப் பைன் வளர்வதில்லை. ஆயினும் நீலகிரியில் நடப்பட்ட மெக்சிகோ நாட்டுப் பைனின் வேர்களில் இவ்விரண்டையும் நடராஜன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-களில் பதிவு செய்தனர். அங்கே அணிலும் மானும் செய்ய வேண்டிய வேலையை மனிதர் செய்திருக்கின்றனர். பைனைத் தவிர வேறு துணை கொள்ளாத அந்த ரைசோபோகன், பக்கத்திலுள்ள சோலைக்காட்டு மரங்களின் வேர்களுக்குத் தாவுவதில்லை.