நுரைக்கடியில் ஒரு கைப்பிடி ஓட்ஸ்

1920-களின் லண்டன். விட்பிரெட் என்ற பெரிய ஆலையிலிருந்து இரண்டு கறுப்பு பீர்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்றின் லேபிளில் ‘லண்டன் ஸ்டவுட்’ என்றிருந்தது. மற்றதில் ‘ஓட்மீல் ஸ்டவுட்’ என்றிருந்தது. ஓட்ஸ் என்றால் ஊட்டம் என்று நம்பியவர் இரண்டாவதை எடுத்திருப்பார். ஆனால் இரண்டு பாட்டிலிலும் இருந்தது ஒரே பீர்! ஒரே கொப்பரையில் காய்ச்சி, லேபிளை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். அதில் ஓட்ஸின் பங்கு ஏறக்குறைய அரை சதவீதம். அதாவது 100 கிலோ தானியத்துக்கு அரைக் கிலோ. அண்டா நிறையப் பாயசம் வைத்து, ஒரே ஒரு முந்திரியைப் போட்டுவிட்டு, முந்திரிப் பாயசம் என்று பந்தியில் பரிமாறிய கதைதான்.

விட்பிரெட் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பார்க்ளே பெர்கின்ஸ் என்ற இன்னொரு லண்டன் ஆலையின் 1936-ஆம் ஆண்டு ஓட்மீல் ஸ்டவுட்டிலும் இதே அரை சதவீதம்தான். அங்கே ஒரே தானிய ஊறலிலிருந்து சாதா ஸ்டவுட்டையும் போர்ட்டர் என்ற பீரையும் சேர்த்தே பிரித்தெடுத்ததால், ஓட்ஸ் கேட்காதவர்களும் தெரியாமலே அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லேபிளை நம்ப முடியாது என்றால், ஓட்ஸ் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ருசித்துப் பார்த்தால் தெரியும் என்று தோன்றும். தெரியாது. நல்ல ஓட்மீல் ஸ்டவுட்டில்கூட ஓட்ஸின் ருசி பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. அது வேலை செய்யும் இடமே வேறு.

கறுப்பு வந்த வழி

ஸ்டவுட்டின் தாய் போர்ட்டர். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் உழைப்பாளிகள் விரும்பிக் குடித்த கரும்பழுப்பு பீர் அது. அதில் கெட்டியானதை, வீரியம் கூடியதை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றார்கள். காலப்போக்கில் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

இன்று நாம் பார்க்கும் அட்டைக்கறுப்பு 1817-க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு டேனியல் வீலர் என்பவர், காபிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற ஒரு கருவியில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, கரியாகிவிடாமல் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தக் கறுத்த மால்ட்டைக் கொஞ்சம் சேர்த்தாலே போதும், மொத்த பீரும் கறுத்துவிடும். மீதிக்கு வெளிர் மால்ட்டையே போடலாம். ஸ்டவுட்டில் காபி, கோகோ வாசனை அடிப்பதற்குக் காரணம் இந்த வறுவல். காபித்தூளோ கோகோவோ அதில் சேர வேண்டியதில்லை.

வறுவலுக்கு ஒரு குணம் உண்டு. வாசனையைக் கொடுக்கும், கூடவே நாக்கை வறட்டும். டிகாக்‌ஷனை வெறுமே குடித்தால் நாக்கின் ஓரங்கள் இழுத்துக்கொள்ளுமே, அந்த வறட்சி. அதை மழுக்கத்தான் ஓட்ஸ்.

கஞ்சி செய்கிற காரியம்

ஓட்ஸ் கஞ்சி வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொதி வந்து இரண்டு நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த வழவழப்பைத் தருவது பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. பார்லியிலும் அது உண்டு. ஆனால் முளைகட்டும்போதே பெரும்பகுதி சிதைந்துவிடும். ஓட்ஸைப் பெரும்பாலும் முளைகட்டாமல், அவல் போலத் தட்டையாக்கி அப்படியே ஊறலில் சேர்ப்பதால், பீட்டா குளூக்கன் தப்பித்து பீர் வரைக்கும் வந்து சேர்கிறது. ஓட்ஸின் புரதமும் சேர்ந்து பீருக்கு உடம்பு கொடுக்கிறது. காபியில் சிக்கரி சேர்ப்பவர்களுக்கு இது புரியும். சிக்கரி தனக்கென்று பெரிய மணம் எதையும் கொண்டுவராது. டிகாக்‌ஷனுக்குக் கனம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அளவு மிஞ்சினால் ஆபத்து. தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை அடியிலிருந்து வடிப்பார்கள். ஓட்ஸ் கூடினால் ஊறல் கொழகொழத்துப் போய், சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும். பீர் காய்ச்சுபவர்கள் அதிகம் அஞ்சும் தொல்லைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் வழிகாட்டி, ஓட்மீல் ஸ்டவுட்டில் 5 முதல் 20 சதவீதம் வரை ஓட்ஸ் இருப்பது வழக்கம் என்கிறது. ஆல்கஹால் 4.2 முதல் 5.9 சதவீதம் வரை. விட்பிரெட்டின் அரை சதவீதத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நோயாளிக்கு ஒரு பாட்டில்

இடைக்கால ஐரோப்பாவில் ஓட்ஸில் பீர் காய்ச்சுவது சாதாரணம். பிறகு அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஓய்ந்துபோனது. மறுபடி அது வந்தது ஸ்காட்லாந்து வழியாக. ஆலோவா என்ற ஊரின் மக்லே ஆலை, 1895-இல் ஒரு காப்புரிமையை வைத்துக்கொண்டு, முளைகட்டிய ஓட்ஸை 70 சதவீதம் வரை போட்டு ஒரு ஸ்டவுட் காய்ச்சியது. கஞ்சி குடித்து வளர்ந்த நாட்டில் அந்தத் துணிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் காலத்தில் ஸ்டவுட்டை விற்றவர்கள் பிடித்துக்கொண்ட சொல், ஊட்டம். 1907-இல் மெக்கெசன் ஆலை பால் சர்க்கரை சேர்த்து ‘மில்க் ஸ்டவுட்’ கொண்டுவந்தது. 1929-இல் கின்னஸ் தன் பீர் உடம்புக்கு நல்லது என்றே விளம்பரம் செய்தது. ஓட்ஸும் இந்த வரிசையில் போய் உட்கார்ந்தது. காலையில் கஞ்சியாகக் குடித்தால் நல்லது என்றால், மாலையில் பீராகக் குடித்தாலும் நல்லதுதானே என்ற கணக்கு! கணக்கு தப்பு. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஓட்ஸைச் சேர்த்ததால் பீர் மருந்தாகிவிடாது.

விளம்பரத்துக்குப் பெயர் மட்டும் போதும் என்றானபோது, உள்ளே ஓட்ஸ் எதற்கு? அது தேய்ந்து அரை சதவீதத்துக்கு வந்தது. பிறகு பெயருக்கும் மவுசு போயிற்று. 1970-களின் நடுவில் பிரிட்டனில் ஓட்மீல் ஸ்டவுட் இல்லாமலே போனது.

டாட்காஸ்டரின் கிணறு

ஓட்மீல் ஸ்டவுட்டை மீட்டதில் ஒரு புத்தகத்துக்கும் ஒரு வியாபாரிக்கும் பங்குண்டு. 1977-இல் மைக்கேல் ஜாக்சன் எழுதிய உலக பீர் வழிகாட்டி வெளிவந்தது. பாடகர் அல்ல; இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த எழுத்தாளர். உலகத்தின் பீர்களை வகை பிரித்து, ஒயினுக்குரிய மரியாதையோடு அவற்றைப் பற்றி எழுதியவர். பீருக்கென்று தனி எழுத்து மரபே அவரிடமிருந்து கிளைத்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாட்டிலில் ‘மெர்ச்சன்ட் டு வின்’ என்ற இறக்குமதி நிறுவனத்தைத் தொடங்கிய சார்லஸ் ஃபிங்கல், அந்தப் புத்தகத்தில் குறிப்பிட்டிருந்த, வழக்கொழிந்த ஓட்மீல் ஸ்டவுட்டை மறுபடி காய்ச்சித் தர முடியுமா என்று யார்க்‌ஷயரின் சாமுவேல் ஸ்மித் ஆலையிடம் கேட்டார். 1980-இல் அது கிடைத்தது. இன்று உலகத்தில் எங்கே ஓட்மீல் ஸ்டவுட் காய்ச்சினாலும், உரைகல் இந்த பீர்தான். மான்ட்ரியாலின் செயின்ட் ஆம்ப்ராய்ஸ், கலிஃபோர்னியாவின் ஆண்டர்சன் வேலி எல்லாம் பின்னால் வந்தவை.

சாமுவேல் ஸ்மித் இருக்கும் டாட்காஸ்டர் சிறிய ஊர். சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருப்பதால் ரோமானியர்கள் அதைக் ‘கல்காரியா’ என்று அழைத்தார்கள். ஆலை தொடங்கிய 1758-இல் தோண்டிய கிணற்றில், 85 அடி ஆழத்திலிருந்து இன்றும் தண்ணீர் எடுக்கிறார்கள். பாறைக்குள் ஊறி வரும் கடினமான தண்ணீர்.

நொதிக்கவைப்பது கல் தொட்டிகளில். பலகைக்கல்லால் கட்டிய இந்த இரண்டடுக்குத் தொட்டிக்கு ‘யார்க்‌ஷயர் ஸ்கொயர்’ என்று பெயர். கீழடுக்கில் சாறு நொதிக்கும்போது பொங்கும் ஈஸ்ட், நடுவில் உள்ள துளை வழியாக மேலடுக்குக்கு ஏறித் தங்கிவிடும். பீர் கீழே நிற்கும். கல் தொட்டிகளை மற்றவர்கள் கைவிட்டு எஃகுக்கு மாறிய பிறகும் விடாமல் வைத்திருக்கும் சில இடங்களில் இது ஒன்று. இந்த ஆலையின் பீர்களுக்கே உரிய, வெண்ணெய் மிட்டாயை நினைவூட்டும் மெல்லிய வாசனைக்கு அதன் பழைய ஈஸ்டும் இந்தத் தொட்டியும் காரணம் என்பார்கள் ரசிகர்கள். ஆல்கஹால் 5 சதவீதம்.

கிளாஸில் ஊற்றியபின்

முதல் தப்பு, குளிர். பாட்டில் வேர்க்க வேர்க்கச் சில்லென்று குடிப்பதுதான் பீர் என்று பழகியவர்கள் இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். குளிர் நாக்கை மரக்கவைக்கும், வாசனையை எழவிடாது. ஓட்மீல் ஸ்டவுட்டுக்கு ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸ் சரி. பிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது வெளியே வைக்க வேண்டும். வெளிச்சம் படாமல் வைப்பதும் முக்கியம். நிறமற்ற பாட்டிலில் வெயில் பட்டால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ கெட்டு வாடை அடிக்கும்.

கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தினால் நுரை கூடும். நுரை வெள்ளையாக இருக்காது; பால் குறைத்துப் போட்ட காபியின் நிறம். பீரை அட்டைக்கறுப்பு என்றேன் அல்லவா? விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். கிளாஸின் அடி விளிம்பில் மாதுளை முத்தின் சிவப்பு தெரியும்.

குடிப்பதற்கு முன் மோந்து பாருங்கள். காபித்தூள் டப்பாவைத் திறந்த வாசனை முதலில் வரும். அடுத்து கோகோ, கருப்பட்டிப் பாகு. கொஞ்சம் பொறுத்தால் உலர்ந்த திராட்சை. அதில் ஈஸ்டின் கைவேலையும் உண்டு. கரி வாடையோ சாம்பல் வாடையோ முந்திக்கொண்டால், வறுவல் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது ஒரு வாய். விழுங்க அவசரப்படாதீர்கள். முதலில் இனிப்பு, நடுவில் வறுவல், கடைசியில் ஹாப்ஸின் கசப்பு என்று ருசிகள் ஒவ்வொன்றாக வந்து போகட்டும். இரண்டாவது வாயில் ருசியை மறந்துவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான். சாதா ஸ்டவுட்டில் நாக்கு லேசாக உரசும். ஓட்ஸ் இருந்தால் வழுக்கும். கூழின் கெட்டி அல்ல அது, வடிகஞ்சியின் பதம். உதட்டை மூடித் திறக்கும்போது மெல்லிய பூச்சு ஒன்று ஒட்டியிருக்கும். ஓட்ஸைத் தேட வேண்டியது சுவையில் அல்ல, தொடுகையில்.

இதில் ஏமாறவும் வழியுண்டு. கின்னஸின் டிராஃப்ட் வகையும் வாயில் வெண்ணெய் போல இறங்கும். ஆனால் அதில் ஓட்ஸ் கிடையாது. நைட்ரஜன் வாயுவின் பொடிப்பொடிக் குமிழிகள் செய்யும் ஜாலம் அது. நுரையை ஒதுக்கிவிட்டுக் குடித்தால், அடியில் இருப்பது மெலிந்த பீர்தான். கறுப்பாக இருப்பதெல்லாம் கனமாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகைக் கனத்துக்கு இலங்கைக்குப் போகலாம். ஆங்கிலேயர் காலத்தில் நுவரெலியாவின் குளிரில் தொடங்கிய பீர் ஆலையின் வாரிசு லயன் ஸ்டவுட். ஆல்கஹால் 8 சதவீதத்துக்கும் மேல். மைக்கேல் ஜாக்சன் அதைப் பாராட்டி எழுதியதால் வெளிநாட்டு ரசிகர்களிடமும் பெயர் வாங்கியது. வாயில் அது பாகு போல நிற்கும். அந்தக் கனம் மால்ட்டின் இனிப்பிலிருந்தும் ஆல்கஹாலின் சூட்டிலிருந்தும் வருகிறது. தொண்டைக்குள் இறங்கும்போது சுடும். ஓட்மீல் ஸ்டவுட்டின் வழவழப்பில் அந்தச் சூடு இருக்காது.

கூடச் சாப்பிட என்ன? விக்டோரியா காலத்து லண்டனில் சிப்பி இறைச்சி மலிவு. ஸ்டவுட்டோடு அதைத்தான் சாப்பிட்டார்கள். இன்றும் உப்புக் கரிக்கும் சிப்பியும் வறுவல் கசப்பும் நல்ல ஜோடி. நீலம் பூத்த ஸ்டில்டன் சீஸ், கசப்பு சாக்லேட் கேக் ஆகியவையும் பொருந்தும். காரத்தை மட்டும் தள்ளி வையுங்கள். மிளகாய் ஏறிய நாக்குக்குப் பதம் பிடிபடாது.

கிளாஸில் கடைசி இரண்டு விரல் அளவை மட்டும் மிச்சம் வைத்து, கால்மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள். குளிர் போயிருக்கும், நுரை அடங்கியிருக்கும், வாயுவும் குறைந்திருக்கும். குறையை மறைக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அப்போதும் அந்த வாய் கஞ்சித் தெளிவு போல நாக்கில் வழுக்கி இறங்கினால், லேபிளில் எழுதியது உண்மை. தண்ணீர் போல ஓடிவிட்டால், விட்பிரெட்டின் பழைய லேபிள் ஒன்று உங்கள் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.