சீனாவில் முளைத்த கிரியோசோட் புதர்

சென்ற ஆண்டு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை ஹைடெக் லேபுக்கு அழைத்துச் சென்றேன். அமெரிக்க ஹெர்பேரியங்களில் உள்ள ஒரு பாலைவனப் புதரின் பதிவுகளில் பத்தை அச்செடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தேன். அட்ச, தீர்க்க ரேகை எண்களை இணைய வரைபடத்தில் இட்டு, செடி எங்கே எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது பேரின் புள்ளிகள் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் விழுந்தன. ஒரு மாணவியின் புள்ளி மட்டும் சீனாவின் ஹூபே மாகாணத்தில் போய் நின்றது.

வகுப்பே சிரித்தது. அவளோ தன் தாளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல அரிசோனா, டூசான் பக்கத்துலன்னு எழுதியிருக்கே!" என்றாள். அவள் 32.2, 110.9 என்று தட்டியிருந்தாள். கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள இடம் என்பதால் இரண்டாம் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்க வேண்டும். ஒரு சிறு கோடு விட்டுப்போனதால் செடி பூமியின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. பெரிய தரவுத் தளங்களிலும் தட்டச்சில் நேரும் பிழைதான் இது. அதைக் காட்டிக்கொடுத்தது எது? சேகரித்தவர் அட்டையில் ஊர்ப்பெயரையும் எழுதி வைத்திருந்ததுதான். எண் மட்டும் இருந்திருந்தால் அந்தப் புதர் சீனச் செடியாகவே இருந்திருக்கும்.

புதரின் பெயர் கிரியோசோட். அறிவியல் பெயர் லாரியா டிரைடென்டேட்டா. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் உள்ள சிவாவா, சொனோரா, மொகாவி ஆகிய மூன்று பாலைவனங்களிலும் பெரும்பரப்பில் வளர்கிறது. இலைமேல் பிசின் பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு. மழை பெய்தால் தார் போன்ற ஒரு வாசம். நம் ஊரில் இல்லாத செடியை ஏன் எடுத்தேன் என்று கேட்கலாம். அதன் குடும்பம் ஜைகோஃபில்லேசி. நாம் செருப்பில்லாமல் நடந்தால் காலைப் பதம் பார்க்கும் நெருஞ்சியின் குடும்பம்! ஐந்து மஞ்சள் இதழ்கள் இரண்டுக்கும் உண்டு. நெருஞ்சிக் காய் முற்றி ஐந்து துண்டாக உடைவதைப் போலவே கிரியோசோட் காயும் உடைகிறது. முள்ளுக்குப் பதில் வெள்ளை மயிர். பள்ளி மைதானத்திலிருந்து ஒரு நெருஞ்சியைப் பிடுங்கி வந்து படத்தின் அருகே வைத்தால், குடும்பம் என்ற பாடத்தை மாணவர்களே நமக்கு நடத்திவிடுவார்கள்.

இனி ஹெர்பேரியத் தாளுக்கு வருவோம். அழுத்தி உலர்த்திய கிளை, கெட்டியான தாள், வலது கீழ் மூலையில் ஒரு அட்டை. யார் எடுத்தது, என்று, எங்கே, எந்த மண்ணில், பூத்திருந்ததா, சேகரிப்பு எண் என்ன என்பதெல்லாம் அட்டையில் இருக்கும். 1891இல் அமெரிக்க வேளாண் துறை மரணப் பள்ளத்தாக்குக்கு ஒரு ஆய்வுக் குழுவை அனுப்பியது. அதில் தாவரவியலாளராகச் சென்ற ஃபிரெடரிக் வெர்னன் கோவில் என்பவர்தான் 1893இல் வெளியிட்ட நூலில் இந்தப் புதருக்கு இன்றைய பெயரை அமைத்தார். (கோவில் என்பது அவருடைய குடும்பப் பெயர். மாணவர்கள் இதைக் கேட்டதும் குருக்கள் எங்கே என்றார்கள்.) அதற்கு முன் 1824இல் இதே செடிக்கு ஜைகோஃபில்லம் டிரைடென்டேட்டம் என்று பெயர். 1895இல் கோவில் பெயராலேயே கோவில்லியா என்றொரு பேரினத்தை உண்டாக்கி அதில் சேர்த்தார்கள். பிறகு பல ஆண்டுகள் இதுவும் தென் அமெரிக்காவின் லாரியா டைவரிகேட்டாவும் ஒன்றே என்று கருதியவர்களும் உண்டு.

பெயர் மாறும்போது பழைய அட்டையைக் கிழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு சிறு சீட்டில் புதிய பெயர், முடிவு செய்தவர் பெயர், ஆண்டு எழுதி ஒட்டுவார்கள். அதனால் ஒரே தாளில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கலாம். இன்றைய பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால், பழைய பெயரிலேயே தங்கிவிட்ட தாள்கள் கண்ணில் படாமல் போய்விடும். வகைப்பாட்டியலில் "இணைப்பெயர்" என்று ஒரு வரியில் கடந்துபோகும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

புள்ளிகளைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சேகரிப்பாளர் போகக்கூடிய இடத்துக்குத்தான் போவார். ஆகவே சாலையோரத்திலும் ஊர்ப்பக்கத்திலும் பதிவுகள் நெருக்கமாக இருக்கும். நடுவில் காலியாகத் தெரியும் இடத்தில் செடி இல்லை என்று பொருளல்ல. அங்கே யாரும் போகவில்லை என்றும் இருக்கலாம். பூத்த கிளையைத்தான் விரும்பி எடுப்பார்கள் என்பதால், தாள்களைப் பார்த்துவிட்டு ஆண்டெல்லாம் பூக்கும் செடி என்று சொல்லிவிடவும் கூடாது.

இத்தனை குறைகள் இருந்தும் அந்தக் காய்ந்த இலை நிறையப் பேசுகிறது. இந்தப் புதரின் குரோமோசோம் எண்ணிக்கை சிவாவாவில் 26, சொனோராவில் 52, மொகாவியில் 78. அதாவது இருமடியம், நான்மடியம், அறுமடியம். குரோமோசோம் கூடினால் செல்லும் பெரிதாகிறது. இலைத்துளையின் காப்புச் செல்களும் பெரிதாகின்றன. எனவே உலர்ந்த இலையை நுண்ணோக்கியில் வைத்துக் காப்புச் செல்லை அளந்தே அது எந்த வகை என்று ஊகிக்கலாம். பேக்ராட் என்ற பாலைவன எலி பாறை இடுக்கில் சேர்த்து வைத்து, அதன் சிறுநீரால் கெட்டிப்பட்டுப்போன பல்லாயிரம் ஆண்டு பழைய இலைகளிலும் இப்படி அளந்திருக்கிறார்கள். அந்த எலி தேதி எழுதி வைக்கவில்லை. கதிரியக்கக் கார்பன் முறையில்தான் காலத்தைக் கணித்தார்கள்.

இன்னொன்று. கிரியோசோட் நெடுங்காலம் வாழும் செடி. நடுப்பகுதி பட்டுப்போக, வெளிவட்டமாகப் பரவிக்கொண்டே போகும். கலிபோர்னியாவில் "கிங் குளோன்" எனப்படும் ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 11,700 வயது என்று மதிப்பிட்டுள்ளார்கள். ஆகவே நூறாண்டுக்கு முன் ஒருவர் கிளை ஒடித்த அதே புதர் இன்றும் நிற்கக்கூடும். இடத்தைத் துல்லியமாக எழுதியிருந்தால் போய்ப் பார்க்கலாம். "மொகாவி பாலைவனம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கே போவது?

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளாகச் செய்முறைத் தேர்வுக்கு மாணவர்கள் ஹெர்பேரியத் தாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தாவரப் பெயர், குடும்பம், மாணவர் பெயர், பதிவெண். அவ்வளவுதான் கேட்டேன். இடமும் தேதியும் கேட்டதில்லை; மதிப்பெண் அட்டவணையில் அதற்கு இடமில்லை என்பது என் சமாதானம். தேர்வு முடிந்ததும் கட்டாகக் கட்டி மூலையில் போட்டுவிடுவோம். ஒரு கட்டைப் பிரித்தேன். ஆரை, நீர்முள்ளி, கொட்டி. எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிவிட்டார்கள். அந்தச் செடிகள் அந்தக் குளத்தில் எடுத்தவையா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

இப்போது ஏழு வரி கேட்கிறேன்: பெயர், ஊர், அடையாளம் சொல்லக்கூடிய இடம், தேதி, மண், பூ இருந்ததா, எடுத்தவர். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் ஒரு இலையை வைத்து, கீழே ஊரும் தேதியும் எழுதவைத்தாலே போதும். சீனாவுக்குப் புள்ளி வைத்த மாணவி கொடுத்த தாள் நெருஞ்சி. இடம் என்ற வரியில், "பள்ளி மைதானம், மேற்குச் சுவர், கைப்பம்பிலிருந்து பன்னிரண்டு அடி" என்று எழுதியிருக்கிறாள். போய் அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.