சோப்பும் உப்புத்தண்ணீரும் உள்ளங்கையும்

2020 மார்ச் மாதம் ஊரடங்கு தொடங்கியபோது, சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவும் முறை தொலைக்காட்சியிலும் கைபேசியின் அழைப்பொலியிலும் இடைவிடாது கற்பிக்கப்பட்டது. கொரோனா வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு சிதைத்துவிடும் என்பதால் அந்த அறிவுரை முற்றிலும் சரியானதே. ஆனால் கழுவிய கையில் பிறகு எதைத் தடவுவது என்பது அதே அளவுக்கு உரக்கச் சொல்லப்படவில்லை.

வைரஸின் கொழுப்பு எது, தோலின் கொழுப்பு எது என்று சோப்பு பிரித்தறிவதில்லை. தோலின் மேலடுக்கில் உயிரற்ற தட்டைச் செல்கள் செங்கற்களாகவும், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை அவற்றை இணைக்கும் சாந்தாகவும் அமைந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியிலிருக்கும் நச்சு உட்புகாமலும் காக்கின்றன. இயல்பான தோல் ஏறத்தாழ 5 என்ற அமிலத்தன்மையுள்ள pH அளவில் இருக்க, வழக்கமான சோப்புக்கட்டியின் pH காரப் பக்கம் 9 முதல் 10 வரை செல்வதால், அடுத்தடுத்துக் கழுவும்போது கொழுப்பு கரைவதோடு அதைப் புதுப்பிக்கும் நொதிகளும் மந்தமடைகின்றன. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை என்பதால் இழப்பை ஈடுகட்ட அங்கே வழி குறைவு. வறட்சி, சிவப்பு, அரிப்பு, வெடிப்பு என்று வளரும் இந்த அழற்சியே கை எக்சிமா, பழைய வழக்கில் கரப்பான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்நோய் பெருந்தொற்றோடு வந்து இறங்கியதன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் உலோகத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கட்டட வேலைகளில் சிமென்டு, வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் கையில் பாத்திரம் விளக்கும் பவுடரும் கம்பிநாரும் என்று கையை அரிக்கும் பொருள்கள் முன்பே இருந்தன. ஒருநாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருப்பதையோ, இருபது தடவைக்கு மேல் கழுவுவதையோ தொழில்நல மருத்துவம் ‘ஈரவேலை’ என்று வகைப்படுத்துகிறது; அதன் அபாயம் 2020இல் கடைக்காரர், காவலாளி, வங்கி ஊழியர் என்று எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

இதில் தண்ணீரின் பங்கு பலர் கவனிக்காதது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில், அதாவது உப்புத்தண்ணீரில், நுரை எளிதில் வராததால் சோப்பை மேலும் தேய்க்க நேர்கிறது. அப்படித் தேய்த்த பின்னும் சோப்பின் எச்சம் தோலில் தங்குகிறது. கடினநீர் இத்தகைய எச்சத்தைக் கூட்டித் தோலின் எரிச்சலை வளர்ப்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். மாநகரக் குழாய்நீர் எட்டாமல் போர்வெல்லை நம்பியிருக்கும் தெருக்களில், ஒரே சோப்பு கூடுதலாகத் துன்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எத்தனை தடவை கழுவுகிறோம் என்பதும் முக்கியம். சீனாவின் ஹூபே மாகாணத்தில் கொரோனா சிகிச்சையில் ஈடுபட்ட 542 மருத்துவப் பணியாளர்களை ஆராய்ந்தபோது, 97 சதவீதத்தினருக்கு ஏதோ ஒருவகைத் தோல் பாதிப்பு இருந்தது. முகக்கவசமும் கண்ணாடியும் மூக்குத்தண்டைப் புண்ணாக்கியது அதில் பெரும்பங்கு என்றாலும், நாளொன்றுக்குப் பத்துத் தடவைக்கு மேல் கைத்தூய்மை செய்தவர்களுக்குக் கையின் பாதிப்பும் கூடியிருந்தது.

வியப்புக்குரியது சானிடைசரைப் பற்றிய அச்சம். வெடித்த கையில் ஆல்கஹால் பட்டவுடன் எரிவதால், அதுவே தோலைக் கெடுக்கிறது என்று கருதிச் சோப்புக்குத் திரும்புவோர் பலர். எரிச்சல் ஏற்கெனவே உள்ள காயத்தின் அடையாளமேயன்றிப் புதிய காயம் அன்று. ஆல்கஹால் கொழுப்பை இளக்கினாலும், சோப்பும் நீரும் சேர்ந்து அதை அடித்துச் செல்வதைப் போல முழுவதும் அகற்றுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் கலவையில் ஈரம் காக்கும் கிளிசராலும் 1.45 சதவீதம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது சானிடைசரே தோலுக்கு இதமானது. அதைப் பூசிய கையோடு சோப்பும் போடுவதுதான் வீண் கேடு.

எல்லாக் கை எக்சிமாவும் சோப்பால் வருவதில்லை. சிமென்டிலுள்ள குரோமியம், போலி நகையின் நிக்கல், ரப்பர் கையுறையில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் ஆகியவை ஒவ்வாமையாகவும் தாக்கும்; முதுகில் சிறு ஒட்டுகளை இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் பரிசோதனையால் தோல் மருத்துவர் இதைப் பிரித்தறிவார். சிகிச்சையில் வாசலினோ மணமில்லாத களிம்போ ஒவ்வொரு கழுவலுக்கும் பின் தடவுவது அடிப்படை. ஸ்டீராய்டு களிம்பு மருத்துவர் சொல்லும் காலத்துக்கு மட்டுமே. வெடிப்பு மூடியவுடன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே நோய் திரும்ப வருவதன் பொதுவான காரணம். மேற்பரப்பு ஆறிய பிறகும் தோலின் காப்புத்திறன் முழுமை பெற மாதங்கள் ஆகும்.