பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பினால் வருஷத்துக்கு எவ்வளவு போகும்?

சங்ககிரியில் இருந்து ஒரு அண்ணா ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்திருந்தார். ஒரே ஒரு வண்டி, பழைய டாடா 1613. அவரே ஓனர், அவரே டிரைவர். சிமென்ட் லோடு ஏத்திட்டு பெங்களூரு போவார். அவரோட டீசல் நோட்டைப் புரட்டினப்ப ஒண்ணு கண்ணில் பட்டது. லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் கொடுத்துட்டிருந்த வண்டி, 7 மாசமா 4-லேயே நிக்குது.

என்னன்னு கேட்டேன். தொப்பூர் ஏத்தத்தில் லோடோட இழுக்கலையாம். வழியில் ஒரு மெக்கானிக் டீசல் பம்ப்போட சீலை உடைச்சு, ஸ்க்ரூவைத் திருப்பி டீசலை ஏத்தி விட்டிருக்கார். "இப்ப கொஞ்சம் பரவால்லீங்க. டீசல் செலவுதானுங்களே தம்பி, கணக்குல காட்டிட்டா டாக்ஸ் கொறையுமில்லீங்க?"

குறையாது. இதுக்காகத்தான் இந்தப் பதிவே.

10 வண்டிக்கு மேல் இல்லாத லாரி ஓனர்கள் பெரும்பாலும் உத்தேச வருமான முறையில்தான் ரிட்டர்ன் போடுறாங்க. 12 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள வண்டின்னா, டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு சட்டமே வச்சுக்குது. இவர் வண்டி 16.2 டன். வருஷத்துக்கு 1,94,400 ரூபாய். டீசல், டயர், தேய்மானம் எல்லாம் கழிச்ச பிறகு வர்ற தொகையாத்தான் அதை எடுத்துக்கிறாங்க. நீங்க 100 லிட்டர் அதிகமா ஊத்தினாலும் அந்த நம்பர் மாறாது. அதைவிடக் குறைவா காட்டணும்னா கணக்குப் புத்தகம், ஆடிட்னு தனிச் செலவு. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வராததால இன்புட் கிரெடிட்டும் கிடையாது. ஆக, வீணாகிற ஒவ்வொரு லிட்டரும் நேரா உங்க பாக்கெட்டில் இருந்துதான் போகுது.

எவ்வளவு போச்சுன்னு பார்ப்போம். மாசம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுறார். 4.5 கிடைச்சா 1,333 லிட்டர், 4 கிடைச்சா 1,500 லிட்டர். வித்தியாசம் 167 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னு வச்சா மாசம் 15,300 ரூபாய்க்கு மேல. 7 மாசத்தில் 1,07,000 ரூபாய். ஒரு வருஷம் இப்படியே ஓடியிருந்தா சுமார் 1,84,000. சட்டம் அவருக்கு வருமானம்னு சொல்ற தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

சரி, அந்த ஸ்க்ரூ என்னதான் பண்ணுது? (நான் மெக்கானிக் இல்லை. பம்ப் ரூமில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கிட்டது.) இந்த மாதிரி பழைய வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. பம்ப்புக்குள்ளே சிலிண்டருக்கு ஒண்ணா 6 பிளஞ்சர். அதை எல்லாம் சேர்த்துத் திருப்ப ஒரு ரேக். ரேக் எவ்வளவு நகருதோ அவ்வளவு டீசல். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சாலும் ரேக் இதுக்கு மேல் போகக்கூடாதுன்னு தடுக்கிற இடத்தைத்தான் அந்த ஸ்க்ரூ தள்ளி வைக்குது.

டீசலைக் கூட்டலாம், ஆனா காத்து அதே அளவுதான் வரும். 1 கிலோ டீசல் முழுசா எரிய சுமார் 14.5 கிலோ காத்து வேணும். டீசல் இன்ஜினில் கலக்கிறதுக்கு நேரம் ரொம்பக் கம்மிங்கறதால நடைமுறையில் இன்னும் அதிகமாவே தேவை. அந்தக் காத்து இல்லாத இடத்தில் ஊத்தின டீசல் சைலன்சர் வழியா கரும்புகையா போகும். சூடு ஏறும், பிஸ்டன் தலை அடி வாங்கும். எரியாத டீசல் லைனர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு கீழே ஆயிலோட கலக்கும். ஆயில் நீர்த்துப் போனா பேரிங் தேயும். இது எதுவும் டீசல் நோட்டில் தெரியாது, ஒருநாள் இன்ஜின் வேலை பில்லா வந்து நிக்கும். எங்க பாஷையில் சொன்னா, புக்ஸில் ஏறாத கடன்.

புகைப் பரிசோதனை வேற இருக்கு. பிஎஸ்4-க்கு முந்தின டீசல் வண்டிக்கு 65 எச்எஸ்யூ வரைதான் அனுமதி. தாண்டினா சர்ட்டிஃபிகேட் கிடைக்காது. அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

இவர் வண்டியில் உண்மையான பிரச்சினை பம்ப்பே இல்லை. டர்போவில் இருந்து இன்ஜினுக்குக் காத்து போற ரப்பர் ஹோஸில் விரிசல். காத்து லீக் ஆனதால இழுவை குறைஞ்சது. அந்த நேரத்தில் டீசலையும் கூட்டினா புகை வராம என்ன வரும்? அதனால வண்டி இழுக்கலைன்னா முதலில் ஏர் ஃபில்டர், ஹோஸ், டீசல் ஃபில்டர், டேப்பெட், பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதான்னு பாருங்க. பம்ப்புக்குக் கடைசியா போங்க. போனாலும் ரோட்டில் வச்சு ஸ்க்ரூவைத் திருப்ப விடாதீங்க. பம்ப்பைக் கழட்டி பெஞ்சில் ஓட்டி, ஒவ்வொரு பிளஞ்சரும் எத்தனை மில்லி தள்ளுதுன்னு கண்ணாடிக் குழாயில் அளந்து, கம்பெனி சார்ட்டோட ஒப்பிட்டு செட் பண்ணச் சொல்லுங்க. 6-ம் ஒரே அளவு தள்ளுதான்னு அங்கதான் தெரியும். நாசிலையும் கூடவே டெஸ்ட் பண்ணிடுங்க.

மைலேஜுக்காக ஸ்க்ரூவைக் குறைச்சு வைக்கிறவங்களும் இருக்காங்க. ஏத்தத்தில் ஒரு கியர் கீழே போட்டு உருட்டணும், மிச்சம்னு பெருசா ஒண்ணும் வராது.

அண்ணாவுக்கு ஹோஸ் 900 ரூபாய், பம்ப்பும் நாசிலும் சேர்த்து 14,000 ஆச்சு. ஒரு மாச வித்தியாசமே அதைவிட அதிகம். டேங்கை ஃபுல் பண்ணி, ட்ரிப் முடிஞ்சு திரும்ப ஃபுல் பண்ணி, அதே ரூட், அதே லோடுன்னு 3 ட்ரிப் எழுதச் சொன்னேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினார்: 4.3, 4.4, 4.4. பழைய 4.5 இன்னும் வரலை. ஆயிலை மாத்திட்டு அடுத்த மாசம் பார்க்கலாம்னு பம்ப் மெக்கானிக் சொல்லியிருக்காராம்.