ரோடு பைக் டயர்: பேர் சொல்றதுக்கு முன்னாடி ஓட்டையைப் பார்ப்போம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

ரோடு பைக் வாங்குவது பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு எனக்கு அதிகமா வந்த கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "ப்ரோ, பஞ்சரே ஆகாத டயர் ஒண்ணு சொல்லுங்க." பேர் சொல்லிட்டுப் போனா ஒரு நிமிஷத்தில் முடிஞ்சிடும். ஆனா நல்ல டயர்னு பேர் கேட்டு வாங்கி மாட்டிட்டு, அடுத்த வாரமே இ.சி.ஆர். ஓரத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன். டயர் மேல தப்பில்லை. அவங்களுக்கு ஆன பஞ்சர், அந்த டயரால் தடுக்கக்கூடிய வகையே இல்லை. அதனால டயர் பேருக்குக் கடைசியா வர்றேன்.

ஆபீஸில் சர்வர் படுத்துட்டா முதல்ல லாகைத்தானே திறக்கிறோம்? பஞ்சருக்கும் லாக் உண்டு. கழட்டின டியூபில் காத்தடிச்சு, பக்கெட் தண்ணியில் முக்கி, குமிழ் எங்கே வருதுன்னு பாருங்க. பஞ்சர் கடை அண்ணன் பண்றதும் இதேதான். ஆனா அவர் ஓட்டை கிடைச்சதும் ஒட்டப் போயிடுவார். நமக்கு அது டியூபில் எந்தப் பக்கம் இருக்கு, எப்படி இருக்குங்கறதும் வேணும்.

ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம் பக்கம் இருந்தா, ரோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடியிருக்கற டேப் நகர்ந்திருக்கும், இல்லேன்னா ஏதோ ஒரு விளிம்பு கூரா இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து டயர் வாங்கினாலும் இது நிக்காது. ரிம் டேப்பை மாத்தினா நின்னுடும்.

பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கீறல், பாம்பு கடிச்ச மாதிரி இருந்தா, அது பள்ளத்தோட வேலை. டயரில் காத்து குறைவா இருக்கும்போது பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் இடிக்குது. டயர் ரிம் வரைக்கும் நசுங்கி, நடுவில் மாட்டின டியூப் ரெண்டு இடத்தில் வெட்டுப்படுது. இதுக்கும் டயருக்குள் என்ன பட்டை வெச்சிருக்காங்கங்கறதுக்கும் தொடர்பு கிடையாது. இதுக்கு மருந்து, கொஞ்சம் அகலமான டயரும் சரியான காத்தும்.

மூணாவது, டியூபின் வெளிவட்டத்தில் ஊசி குத்தின மாதிரி ஒரே ஒரு ஓட்டை. பஞ்சர் தாங்கும் டயர்னு கடையில் விக்கிறது எல்லாம் இந்த ஒண்ணுக்காகத்தான்.

சரி, என்ன குத்துது? ஆணின்னு நினைப்போம், கண்ணாடிச் சில்லுன்னு நினைப்போம். ரெண்டும் உண்டு. ஆனா நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டறவங்களுக்கு நிஜ வில்லன் ஒரு சின்னக் கம்பி. லாரி, பஸ், கார்களின் ரேடியல் டயர்களுக்குள் மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிப் பட்டையா வெச்சிருப்பாங்க. அந்த டயர் வெடிச்சுத் தெறிச்சா துண்டு துண்டா ரோட்டில் கிடக்கும். ரப்பர் அரைபட்டுப் போயிடும், இழை மிஞ்சும். அரை சென்டிமீட்டர் இருந்தாலே பெருசு. தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். வண்டிகள் ஓட ஓட அது ஓரத்துக்கு ஒதுங்கும். நாம ஓட்டறதும் அதே ஓரத்தில்தானே!

இந்தக் கம்பி ஏறின உடனே டியூபைத் தொடறதில்லைங்கறது முக்கியம். முதல்ல ரப்பரில் லேசா ஒட்டிக்கும். அப்புறம் சக்கரம் ஒவ்வொரு சுத்து வரும்போதும் ரோடு அதை ஒரு தட்டு தட்டும். 28 மி.மீ. அகலமுள்ள ரோடு பைக் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். கிலோமீட்டருக்கு 470 சுத்து. திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பினா 90 கிலோமீட்டர் பக்கம் வரும். அதாவது 40,000 தடவைக்கு மேல் சுத்தியல் அடி. போன ஞாயிற்றுக்கிழமை ஏறின கம்பி இந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேலையைக் காட்டும்.

இங்கே கெவ்லார் கதையைச் சொல்லியாகணும். 1965-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற வேதியியலாளரின் ஆய்வில் பிறந்த இழை அது. அராமிட் என்ற வகையைச் சேர்ந்தது. குண்டு துளைக்காத சட்டைக்காகக் கண்டுபிடிச்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அவங்க தேடினது கார் டயருக்குள் எஃகுக்குப் பதிலா வைக்க எடை குறைஞ்ச, வலுவான இழையை. எஃகு என்னவோ லாரி டயரை விட்டுப் போகவே இல்லை. அந்த எஃகு உதிர்ந்து நம்ம சைக்கிளைக் குத்துது, அதைத் தடுக்க நாம சைக்கிள் டயருக்குள் அராமிட் வைக்கிறோம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச வேடிக்கை.

ஆனா தடுக்குதா? கண்ணாடிச் சில்லு டயரை வெட்டும். அராமிட், வெக்ட்ரான் மாதிரி இழைகள் வெட்டை நல்லாத் தாங்கும். கம்பி வெட்டறதில்லை, நெசவின் இடைவெளியில் ஊசி மாதிரி நுழையுது. கத்தரிக்கோலுக்கு மசியாத முரட்டு ஜீன்ஸ் துணியில்கூட ஊசி சுலபமாப் போகுதே, அதே கதைதான். நெசவு நெருக்கமா இருந்தா நுழையறது கஷ்டம். அதுக்கு மேல கம்பிக்கு எதிரா உதவறது வெறும் தடிமன். கம்பியின் நீளத்தை விட அதிகமா ரப்பர் இருந்தா அது எவ்வளவு உள்ளே போனாலும் டியூபை எட்டாது. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் சீமைக்கருவேல முள்ளோட மல்லுக்கட்டறவங்களுக்கும் இதே பதில்தான். அங்கே முள் கம்பியை விட நீளம், அதனால தடிமன் இன்னும் அதிகம் வேணும்.

அப்போ தடிமனான டயரா வாங்கிடலாமேன்னு கேட்பீங்க. அதுக்கு ஒரு விலை இருக்கு, ரூபாயில் இல்லை. டயர் உருளும்போது கீழ்ப்பகுதி நசுங்கி மறுபடி நிமிருது. அந்த நசுங்கலில் கொஞ்சம் சக்தி சூடாப் போயிடும். ரப்பர் தடிமனா, விறைப்பா இருந்தா அதிகமாப் போகும். வேகத்துக்குன்னு செஞ்ச டயருக்கும் கனமான பாதுகாப்பு டயருக்கும் நடுவில், ஒரு டயருக்குச் சுமார் 10 வாட்ஸ் வித்தியாசம் வரலாம். நீங்க 150 வாட்ஸில் மிதிக்கிற ஆள்னு வெச்சுக்கோங்க. ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 20 வாட்ஸ் போனா, என் தோராயக் கணக்கில் வேகம் 4, 5 சதவீதம் குறையும். 90 கிலோமீட்டர் ரைடில் பத்து நிமிஷம்.

ஒரு பஞ்சர் போட எவ்வளவு நேரம்? பழகினவங்களுக்கு 15, 20 நிமிஷம். அப்படின்னா ரெண்டு ரைடுக்கு ஒரு பஞ்சர் ஆனாத்தான் கனமான டயர் நேரக் கணக்கில் லாபம். பெரும்பாலானவங்களுக்கு அவ்வளவு அடிக்கடி ஆகாது. கணக்கு இதோட முடிஞ்சா எல்லாரும் லேசான டயரே போட்டுக்கலாம்.

ஆனா நிமிஷத்தை மட்டும் எண்ணறது தப்பான அளவுகோல். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது சராசரி லேட்டன்சி பிரச்சினை இல்லை, டெயில் லேட்டன்சி பிரச்சினை. பத்து பேர் கூட்டத்தில் காலை ஏழு மணிக்கு டீக்கடை வாசலில் பஞ்சர் ஆனா அது ஒரு ஜோக். காலை நாலே முக்காலுக்கு, தெருவிளக்கு இல்லாத இடத்தில், தனியா, முதுகுக்குப் பின்னாடி லாரி போயிட்டே இருக்கும்போது ஆனா அதே இருபது நிமிஷம் வேற மாதிரி. என்கூட ஓட்டற ஒரு தோழி இந்த ஒரே காரணத்துக்காகத் தனியா ரைடு போறதையே நிறுத்தி வெச்சிருந்தாங்க. கனமான டயருக்கு மாறின பிறகு திரும்ப ஆரம்பிச்சாங்க. பத்து நிமிஷம் லேட்டா வீட்டுக்கு வர்றது அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால என்னைக் கேட்டா, எத்தனை தடவை பஞ்சர் ஆகும்னு யோசிக்காம, எங்கே ஆனா தாங்கிக்க முடியாதுன்னு யோசிச்சு வாங்குங்க.

ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் போடணும்னு சட்டம் எதுவும் கிடையாது. நம்ம எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்து மேல இருக்கு. பஞ்சரும் அங்கேதான் அதிகம். முன்சக்கரத்துக்கு வேண்டியது பிடிமானம். ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ வளைவு வளைவா இறங்கும்போது பின்டயர் வழுக்கினா பெரும்பாலும் சமாளிச்சிடலாம், முன்டயர் வழுக்கினா விழுந்துதான் எழுந்திருக்கணும். நீடிச்சு உழைக்கட்டும்னு செய்யற விறைப்பான ரப்பருக்கு மழை ஈரத்தில் பிடிமானம் பொதுவாக் குறைவு. அதனால பின்னாடி முரட்டு டயர், முன்னாடி கொஞ்சம் மிருதுவான டயர்ங்கறது என் கட்சி. வேகத்தில் இழப்பும் பாதியாயிடும். பின்டயர் தேஞ்சதும் புதுசை முன்னாடி மாட்டி, முன்னாடி இருந்ததைப் பின்னாடி தள்ளறது சைக்கிள்காரங்களோட பழைய வழக்கம். ரெண்டும் ஒரே வகை டயரா இருந்தா அதைச் செய்யுங்க. எப்படியிருந்தாலும் தேஞ்ச டயர் முன்னாடி வேண்டாம்.

இப்போ பேர்கள். காலையில் வேகமா ஓட்டறதுதான் முக்கியம், கூடவே கூட்டம் இருக்கு, டியூப் மாத்தத் தெரியும்னா கான்டினென்டல் கிராண்ட் ப்ரீ 5000 மாதிரி டயர் போதும். அதுக்குள்ளேயும் வெக்ட்ரான் அடுக்கு இருக்கு, ஆனா டயர் மெலிசு. அதே கம்பெனியின் கிராண்ட் ப்ரீ 4 சீசனில் ரெண்டு வெக்ட்ரான் அடுக்கும், பக்கச் சுவரில் தனிப் பாதுகாப்பும் உண்டு. பின்சக்கரத்துக்கு நான் முதல்ல பார்க்கச் சொல்றது இதைத்தான். கேட்டர்ஸ்கின் பிரபலமான பேர். அதில் இருக்கறது நெருக்கமா நெய்த பாலியஸ்டர் அடுக்கு, கூடவே வலுவான பக்கச் சுவர். உடைஞ்ச தார் விளிம்பு பக்கவாட்டில் கிழிக்கிற ரோட்டில் அதுக்கு மரியாதை அதிகம். தினமும் ஆபீஸுக்கு சைக்கிள்லயே போறவங்க, பஞ்சர் ஆனா ஸ்டாண்ட்அப் மீட்டிங் போச்சுங்கறவங்க, ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் பக்கம் போகலாம். உள்ளே 5 மி.மீ. தடிமனுக்குத் தனியா ஒரு ரப்பர் அடுக்கே இருக்கு. கம்பிக்கு அது சுவர் மாதிரி. ஆனா ஒரு டயரே அரை கிலோவுக்கு மேல வரும், ரிம்மில் ஏத்தறதுக்குள்ள கட்டைவிரல் கழண்டுடும்.

ஆன்லைனில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "கெவ்லார்"னு போட்டிருந்தா எங்கே கெவ்லார்னு படிங்க. மடிச்சு வைக்கக்கூடிய டயர்களில் ரிம்மைப் பிடிச்சுக்கற ஓரத்தில், அதான் பீடில், இரும்புக் கம்பிக்குப் பதிலா அராமிட் இருக்கும். எடை குறையும், பஞ்சருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. டயரின் நடுவில், ரப்பருக்கு அடியில் பட்டை இருக்கான்னுதான் பார்க்கணும்.

அகலத்தை மறந்துடாதீங்க. பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் இடம் கம்மி. சிலதில் 25 தான் போகும், சிலதில் 28 போகும். டிஸ்க் பிரேக்னா பெரும்பாலும் 28 தாராளமாப் போகும். ஃபிரேம் இடம் கொடுத்தா 28-க்கே போங்க. டயர் ஓரத்தில் 28-622ன்னு இருக்கும். 28 அகலம், 622 ரிம்மின் அளவு, ரெண்டும் மி.மீ.யில். காத்து எவ்வளவுன்னா, 70 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70, 75 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பிச்சு, முன்னாடி கொஞ்சம் குறைச்சுக்கலாம். டயரில் அச்சடிச்சிருக்கற அதிகபட்ச அளவு ஒரு எல்லை, அவ்வளவுதான். அதுவரைக்கும் அடிக்கணும்னு அர்த்தமில்லை. ரோடு பைக் டியூபில் காத்து தானாவே இறங்கும், அதனால ரைடுக்கு முன்னாடி மீட்டர் வெச்ச பம்பில் பார்த்துக்கோங்க. கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கறதை நம்பாதீங்க. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பெட்ரோல் பங்க் காத்துக் குழாய் நேரா உட்காராது. சின்னதா ஒரு பித்தளை அடாப்டர் பையில் கிடக்கட்டும்.

கடைசியா, காசே செலவில்லாத பாதுகாப்பு. கம்பி உள்ளே போக நேரம் எடுக்கும்னு சொன்னேன் இல்லையா? ரைடு முடிஞ்சு வந்ததும் சக்கரத்தை மெதுவாச் சுத்தி, டயர் முழுக்க ஒரு பார்வை பாருங்க. மினுக்கற புள்ளி, சின்ன வெட்டு தெரிஞ்சா நோண்டி எடுத்துடுங்க. கம்பியைப் பிடிச்சு இழுக்க நெயில்கட்டர் மாதிரி கருவி கிடையாது. வடகிழக்குப் பருவமழை மாசங்களில் கட்டாயம் செய்யுங்க. ஈரமான ரப்பரைக் கண்ணாடி சுலபமா வெட்டும், மழைத்தண்ணி குப்பையையெல்லாம் ஓரத்துக்கு அடிச்சிட்டு வந்து போடும்.

வழியில் பஞ்சர் ஆகி டியூப் மாத்தினா, புது டியூபைப் போடறதுக்கு முன்னாடி டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுத்தித் துடைங்க. கம்பி இருந்தா துணி மாட்டிக்கும். வெறும் விரலை விட்டா விரல்ல ஏறும். டயரை மாட்டும்போது அதில் இருக்கற லோகோ எப்பவும் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி வைங்க. அப்போ டியூபில் ஓட்டை வால்வில் இருந்து எத்தனை விரற்கடைன்னு பார்த்தாலே, டயரில் எந்த இடத்தில் கம்பியைத் தேடணும்னு தெரிஞ்சிடும்.

டியூப்லெஸ், உள்ளே ஊத்தற சீலன்ட், அது நம்ம வெயிலில் எவ்வளவு சீக்கிரம் காயுதுன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. அதுக்குத் தனி எபிசோடே வேணும், அடுத்த வாரம் பேசுவோம். அதுவரைக்கும் யாராவது பஞ்சர் ஆன டியூபைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தா, ஓட்டை எந்தப் பக்கம்னு பார்த்து ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.